ஏர் ஃபில்டரை வெளியில் மாற்றினேன், வாரன்டி இல்லை என்கிறார்கள்

கேள்வி: என் டீசல் காருக்கு மூன்று வருட வாரன்டி; வாங்கி இரண்டரை வருடம் ஆகிறது. தெரு முனை மெக்கானிக்கிடம் ஏர் ஃபில்டர் மாற்றினேன். ஐந்தே மாதத்தில் டர்போ போய்விட்டது. வெளி ஃபில்டர் போட்டதால் வாரன்டி கிடையாது என்கிறது சர்வீஸ் சென்டர். எஸ்டிமேட் 92,000 ரூபாய். எல்லார் முன்னாலும் மேனேஜர் என்னைத் திருடன் போலப் பேசினார். கழற்றிய டர்போ அங்கேயே அட்டைப் பெட்டியில் கிடக்கிறது. இப்போது பார்ட்ஸ் விலையில் பாதி தருகிறார்களாம். மன உளைச்சலுக்கும் சேர்த்து வழக்குப் போடலாமா? - வாசகர், நாமக்கல்

பதில்: மேனேஜரை விடுங்கள். நீங்கள் எழுதியதில் வழக்குக்கு ஆகிற வரி ஒன்றுதான்: அட்டைப் பெட்டி.

வாரன்டி புத்தகத்தை எடுத்துப் படியுங்கள். வெளிப் பாகத்தால் ஏற்பட்ட சேதத்துக்குப் பொறுப்பில்லை என்றுதான் பெரும்பாலும் இருக்கும். அந்த 'ஆல்' உருபுதான் உங்கள் வழக்கு. தூசி உள்ளே போயிருந்தால், டர்போவில் காற்றை இழுக்கும் பக்கத்து விசிறி இதழ்களின் ஓரம் தேய்ந்து மழுங்கியிருக்கும். ஏர் பாக்ஸிலிருந்து வரும் குழாய்க்குள் விரல் விட்டால் மண் ஒட்டும். இதழ்கள் நன்றாக இருந்து தண்டு மட்டும் ஆடினால், ஆயில் சரியாக வராமல் பேரிங் போயிருக்கலாம். அதை ஃபில்டர் தலையில் கட்ட முடியாது. (ஆயில் மாற்றிய பில் வைத்திருக்கிறீர்கள்தானே?)

சேவைக் குறைபாட்டைப் புகார் கொடுத்தவர்தான் நிரூபிக்க வேண்டும் என்று 2021இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பாகத்தைப் பரிசோதனைக்கு அனுப்ப 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38ஆம் பிரிவில் வழி இருக்கிறது. ஆனால் அனுப்பப் பாகம் வேண்டுமே! என்னிடம் வந்தவர்களில் பாதிப் பேர் தோற்றது இங்கேதான். கார் இல்லாமல் முடியாது என்று புது டர்போவைப் போட்டு ஓட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். பழையது பழைய இரும்போடு போயிருக்கும். அப்புறம் கையில் மிஞ்சுவது கோபமும் வாட்ஸ்அப்பும்தான்.

இன்னொரு பள்ளம் ஜாப் கார்டு, அதாவது வண்டியின் பழுதையும் வேலையையும் சர்வீஸ் சென்டர் எழுதும் தாள். 'வெளியில் ஃபில்டர் மாற்றியதால் தூசி புகுந்துள்ளது' என்று அட்வைசர் கிறுக்கியிருப்பார். அதற்குக் கீழே உங்கள் கையெழுத்து இருக்கும். நுகர்வோர் ஆணையத்தில் எதிர்த் தரப்பு முதலில் நீட்டுகிற காகிதம் அதுதான். நகல் வாங்கிப் பாருங்கள். அப்படி இருந்தால், ஒப்புக்கொள்ளவில்லை என்று இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள். டர்போ, ஃபில்டர் இரண்டையும் பத்திரமாக வைக்கவும், இரு தரப்பும் இருக்கும்போது பார்க்கவும் அதிலேயே கேளுங்கள். நீங்கள் மட்டும் ஆளை வைத்துப் பார்த்து வாங்கும் அறிக்கையை, 'நாங்கள் அங்கே இல்லையே' என்று ஒரே வரியில் தள்ளிவிடுவார்கள்.

புகார் கொடுக்க இரண்டு வருடம் இருக்கிறது. இந்தத் தொகைக்குக் கட்டணமும் இல்லை. பரிசோதனை தேவைப்படும் வழக்கை ஐந்து மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்கிறது சட்டம். நடப்பு வேறு. கார் அங்கேயே நின்றால் பார்க்கிங் வாடகை வேறு கேட்பார்கள்.

இதழ்கள் தேய்ந்திருந்தால் பேச்சே வேண்டாம், பாதியை வாங்கிக்கொண்டு காரை எடுங்கள். தேயவில்லை என்றால் லேபரையும் சேர்த்துக் கேளுங்கள். கொடுத்தால் முடித்துவிடுங்கள், மறுத்தால் மட்டும் வழக்கு. எப்படி முடித்தாலும், 'முழுத் திருப்தி, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்ற தாளை நீட்டுவார்கள். அதில் 'இந்த டர்போ பழுதைப் பொறுத்தவரை மட்டும்' என்று எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். உங்கள் வாரன்டியில் இன்னும் ஆறு மாதம் பாக்கி இருக்கிறது.