அந்த 268 வெள்ளியைக் கொஞ்சம் ஓரம் வையுங்கள், தம்பி

கேள்வி: அண்ணே, போன மாதம்தான் சிறிய மோட்டார் சைக்கிள் ஓட்டுவதற்கான 2பி உரிமம் கிடைத்தது. யமஹா ஸ்னைப்பர் 155 பார்க்க, சிங்கப்பூரில் ஊபி பக்கம் ஒரு மோட்டார் சைக்கிள் கடைக்குப் போனேன். “எல்லாம் சேர்த்து 17,800 வெள்ளி. முன்பணம் 1,000 கட்டினால் போதும், பிறகு மாதம் 268, ஏழு வருடம். பின்பெட்டி, கிராஷ் பார், போன் ஹோல்டர் எல்லாம் இலவசம்” என்றார் விற்பனையாளர். பேரம் பேசலாமா? “தேக்கா சந்தையில் நிற்கிற மாதிரி அங்கே போய் நிற்காதே” என்கிறார் அம்மா. வார இறுதியில் உணவு விநியோகம் செய்யவும் எண்ணம்.
– வாசகர், ஈசூன்

பதில்: தேக்கா சந்தையில் நிற்கிற மாதிரியேதான் நிற்க வேண்டும், தம்பி. அம்மா அங்கே என்ன செய்கிறார் என்று ஒருநாள் கூடப் போய்ப் பாருங்கள். “எல்லாம் சேர்த்து எவ்வளவு” என்று கேட்கவே மாட்டார். மீன் கிலோ என்ன, முருங்கைக்காய் என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்பார்.

உங்களிடம் சொன்ன 17,800 நாலைந்து விலைகளை ஒரே பையில் போட்டுக் கட்டியது. வண்டி, சிஓஇ (வண்டி வைத்திருக்க அரசிடம் ஏலத்தில் எடுக்கும் உரிமைச் சான்றிதழ்), பதிவுக் கட்டணம், சாலை வரி, காப்புறுதி என்று தனித்தனியாக ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால் அடுத்த கடைக்கு நடங்கள். ஊபியில் கடைக்கா பஞ்சம்?

தாள் கைக்கு வந்தால் எதில் பேசலாம், எதில் கூடாது என்பது தானே தெரியும். சிஓஇ கடைக்காரர் கையில் இல்லை. மாதத்தில் இரண்டு ஏலம், திங்கள் தொடங்கிப் புதன் மாலை 4 மணிக்கு முடியும். 2022இல் மோட்டார் சைக்கிளுக்கான டி பிரிவு சிஓஇ 13,000 வெள்ளியைத் தாண்டியது. வண்டியை விட அந்தச் சான்றிதழுக்கு விலை அதிகம் என்று காப்பிக்கடையில் புலம்பாத ஆள் இல்லை. ஆகவே அதில் தள்ளுபடி கேட்காதீர்கள். வேறொன்று கேளுங்கள்: “இந்த விலையில் சிஓஇயை எவ்வளவு என்று வைத்திருக்கிறீர்கள்? ஏலத்தில் அதற்குக் கீழே கிடைத்தால் மிச்சம் எனக்கா, உங்களுக்கா? மேலே போனால் யார் கட்டுவது?” பதில் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். ஏலம் இறங்கிய வாரமென்றால் வியாழக்கிழமை போங்கள். பழைய விலைப் பட்டியலை இன்னும் மாற்றவில்லை என்றால் அதைச் சுட்டிக்காட்டத் தயங்க வேண்டாம்.

இனி அந்த 268. மாதத் தவணையைச் சொல்லியே மனதை இளக்குவது பழைய வித்தை. 84 மாதம் கட்டினால் 22,512. முன்பணத்தையும் சேர்த்தால் 23,512. அதாவது 16,800 வெள்ளிக் கடனுக்கு 5,712 வட்டி. “வருடத்துக்கு ஐந்து விழுக்காடு கூட இல்லையே” என்பார்கள். ஆனால் நீங்கள் அசலை அடைத்துக்கொண்டே வரும்போதும் வட்டி முழுத் தொகைக்கே ஓடுகிறது. உண்மையில் விழுவது ஒன்பதை ஒட்டி. அதே கணக்கில் ஐந்து வருடம் என்றால் மாதம் 348 வரும், வட்டியில் 1,632 வெள்ளி மிச்சம். முன்பணத்தைக் கூட்ட முடிந்தால் இன்னும் நல்லது. வண்டி விலை முடிவாகும் வரை கடன் பேச்சையே எடுக்காதீர்கள்.

இலவசப் பெட்டிக்கு வருகிறேன். நான் ஆக்சஸரீஸ் கவுண்டரில் பதினோரு வருடம் நின்றவன். வண்டியில் கடைக்கு நிற்கும் காசை விடப் பெட்டி, கிராஷ் பார், ஹோல்டரில் நிற்பது விகிதத்தில் அதிகம். அதனால்தான் அவற்றை எளிதாகத் தூக்கிக் கொடுப்பார்கள். “பெட்டி வேண்டாம், அந்தக் காசை வண்டி விலையில் கழியுங்கள்” என்று சொல்லிப் பாருங்கள். எவ்வளவு கழிக்கிறார்களோ அதுதான் அந்த இலவசத்தின் உண்மை விலை. பெட்டியே வேண்டுமென்றால் எந்த நிறுவனம், எத்தனை லிட்டர், பூட்டும் பெட்டியைத் தாங்கும் பிளேட்டும் சேர்த்தா, பொருத்தும் கூலி யாருடையது என்று ஒப்பந்தத்தில் எழுத வையுங்கள். என் முதல் ஆர்எக்ஸ்இசட் மோட்டார் சைக்கிளை எடுத்தபோது வாய்ச்சொல்லை நம்பினேன். வண்டி எடுக்கப் போன அன்று பெட்டி இருந்தது, பிளேட் இல்லை. “பிளேட் தனி, பாஸ்” என்றார்கள். கல்லாவில் காசைக் கட்டியபோது பின்னால் நின்ற என் அண்ணன் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

சத்தமான புகைபோக்கியைக் காட்டி ஆசை மூட்டுவார்கள். நிலப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி இல்லாதது என்றால் தொடாதீர்கள். வண்டிக்கு மூன்று வயது ஆனதிலிருந்து வருடா வருடம் பரிசோதனை இருக்கிறது. பழையதை மாட்ட அன்று ஓடுவீர்கள்.

காப்புறுதியை மட்டும் நீங்களே இரண்டு மூன்று இடங்களில் விசாரியுங்கள். புது ஓட்டுநர் என்பதால் தள்ளுபடி எதுவும் சேர்ந்திருக்காது, தொகை கொஞ்சம் உறைக்கும். உணவு விநியோகம் செய்யப் போவதை மறைக்காதீர்கள். சொந்த உபயோகத்துக்கான காப்புறுதி அந்த வேலைக்குப் பொதுவாகச் செல்லாது.

கேள்வி: என் கணவர் ஜோகூரில் ஹெல்மெட் பாதி விலை என்கிறார். வாங்கலாமா?
– வாசகி, உட்லண்ட்ஸ்

பதில்: கையுறை, மழைக்கோட்டு எல்லாம் தாராளமாக வாங்கட்டும். ஹெல்மெட் மட்டும் வேண்டாம். அங்கே ஒட்டியிருப்பது மலேசியாவின் சிரிம் தர முத்திரை. நம் சாலையில் நாம் போட இங்கே அங்கீகரித்த முத்திரை வேண்டும், நாம் பிஎஸ்பி ஸ்டிக்கர் என்று சொல்வது. பின்னால் உட்காரும் உங்களுக்கும் அதே சட்டம்தான். புது வண்டியோடு ஹெல்மெட் இலவசம் என்று யாராவது கொடுத்தாலும், இருவருமே தலையில் போட்டு, கன்னத்தை அழுத்துகிறதா என்று பார்த்த பிறகு தலையாட்டுங்கள்.