பதில்: சேவ் பட்டனை அமத்தினா ரேபிள் வரியெல்லாம் காணாமப் போகுது

தம்பி, நிலாவெளியிலயிருந்து புறாத்தீவு போற போட் புக்கிங் பேஜ்ல சேவ் அமத்தின உடன வரியெல்லாம் மறையுது எண்டிருந்தீங்கள், கோடிங்கைப் பாத்தன், வரி சேர்க்கிற லூப் முழுக்க போஸ்ட்பேக் (பட்டனை அமத்தினாப் பேஜ் திரும்ப சேர்வருக்குப் போய் வாறது) இல்லாத நேரம் மட்டும் ஓடுற இஃப்புக்குள்ள கிடக்கு. அதுதான் பிரச்சினை.

ஏஎஸ்பி டொட் நெட் வெப் ஃபோர்ம்ஸ்ல (வெப் பேஜ் செய்யிற மைக்ரோசொஃப்ட் முறை) ஒவ்வொரு ரிக்வெஸ்டுக்கும் பேஜ் புதுசாத்தான் உருவாகும், நீங்கள் கோடால சேர்த்த வரியளை வியூஸ்டேட் (பேஜின்ர நிலையை ஞாபகம் வச்சிருக்கிற பகுதி) திரும்பக் கட்டித் தராது. லூப்பை பேஜ் இனிட்டுக்குள்ள (பேஜ் உருவாகத் தொடங்கேக்க ஒவ்வொரு தரமும் ஓடுற இடம்), இஃப்புக்கு வெளியில வையுங்கோ.

டெக்ஸ்ட்பொக்ஸ் எல்லாத்துக்கும் ஐடி கட்டாயம் குடுங்கோ, அதுவும் லூப் நம்பரை வச்சில்லை, டேட்டாபேஸ்ல இருக்கிற புக்கிங் நம்பரை வச்சு. இல்லாட்டி இடையில ஆரும் புதுசா ஒரு புக்கிங் போட்டா ஒருத்தற்ற ஆள் கணக்கு மற்றவற்ற வரியில போய் விழும், காலமை கடற்கரையில வந்து நிக்கிற சனத்துக்குத்தான் பெரிய கரைச்சல்.