பயிர்ப் படிப்பா, கம்ப்யூட்டரா? மேலூர் அப்பாவுக்கு ஒரு பதில்

அண்ணே, வணக்கம்.

சனிக்கிழமை மகளோடு படிப்பு ஆலோசனைக்கு வந்திருந்தபோது, உணவுப் பாதுகாப்புக்காக, விவசாயிகளுக்குச் சேதி கொண்டுசேர்க்கும் வேலைக்குப் போக வேண்டும், அதற்குப் பயிர்ப் படிப்பா, கம்ப்யூட்டரா என்று மகள் கேட்டாள். நீங்களோ, "நாங்கதான் மண்ணுல கெடந்து கஷ்டப்பட்டோம், பிள்ளையும் அதுக்குள்ளயே போகணுமா?" என்று கேட்டீர்கள். அன்றைய கூட்டத்தில் நின்று பதில் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். மகள் ‘உணவுப் பாதுகாப்பு’ என்றதும், ஹோட்டலில் சோதனை போடும் அதிகாரி வேலை என்று நினைத்துக்கொண்டீர்கள். மகள் சொன்னது, எல்லா வீட்டிலும் வருடம் முழுக்க வயிறாரச் சோறு இருப்பதைப் பற்றி. அதற்கு விளைச்சல் மட்டும் போதாது. விளைந்தது அழுகாமல் சந்தைக்குப் போக வேண்டும், விற்பவருக்கும் வாங்குபவருக்கும் விலை கட்டுப்படியாக வேண்டும். இதெல்லாம் பெரும்பாலும் சேதி நேரத்துக்கு வந்து சேர்வதைப் பொறுத்தது.

வடகேரளக் கடற்கரையில் 1997 முதல் 2001 வரை செல்போன் பரவியபோது நடந்ததை ராபர்ட் ஜென்சன் என்ற பொருளாதார ஆய்வாளர் கணக்கெடுத்திருக்கிறார். அதற்கு முன்பு, ஒரு கரையில் வாங்க ஆளில்லாமல் மத்தி மீனைக் கடலிலேயே கொட்டுவார்கள். சில கிலோமீட்டர் தள்ளி இன்னொரு கரையில் வியாபாரிகள் மீன் இல்லாமல் திரும்புவார்கள். போன் வந்ததும் படகில் இருந்தபடியே விசாரித்து, கிராக்கி உள்ள கரைக்குப் போனார்கள். மீன் வீணாவது ஏறக்குறைய நின்றே போனது. மீனவர் லாபம் சராசரியாக 8 சதவீதம் கூடியது. வாங்குபவருக்கு விலை 4 சதவீதம் குறைந்தது. பறிகூலிகூடத் தேறாது என்று வெண்டைக்காயைச் செடியிலேயே முற்றவிட்டதாகச் சொன்னீர்களே, அந்த வருடத்தை இதோடு வைத்துப் பாருங்கள்.

ஆனால் போன் இருந்தால் போதும் என்று நான் சொல்ல மாட்டேன். உங்கள் மேலூர் வட்டாரத்திலேயே 2001 வாக்கில், சென்னை ஐ.ஐ.டி.யின் தொழில்நுட்பத்தில் ஊர் ஊராக இணைய மையங்கள் திறந்தார்கள். கண்ணைப் படம் எடுத்து அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பும் ஏற்பாடுகூட இருந்தது. சில வருடங்களில் பல மையங்கள் மூடிவிட்டன. நடத்தியவர்களுக்கு வருமானம் போதவில்லை, தொடர்ந்து கைகொடுக்கவும் ஆளில்லை. புதுச்சேரி பக்கம் வீராம்பட்டினத்தில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வேறு மாதிரி செய்தது. இணையத்தில் வந்த அலை உயரத்தை ஒலிபெருக்கியில் தமிழில் சொன்னார்கள். படிக்கத் தெரியாதவருக்கும் கடலுக்குப் போகலாமா வேண்டாமா என்று தெரிந்தது. அந்த மைக்குக்கு முன்னால் உட்கார்ந்து, எதை எப்படிச் சொல்வது என்று முடிவு செய்கிற ஆளாகத்தான் உங்கள் மகளைப் பார்க்கிறேன்.

அதனால் என் யோசனை: முதலில் பயிர், அப்புறம் கம்ப்யூட்டர். கோடிங்கைப் பக்கத்திலேயே வைத்துப் படித்துக்கொள்ளலாம். வயலை அப்படிப் படிக்க முடியாது. பி.எஸ்சி. வேளாண்மை நான்கு வருடம். படிப்பின் கடைசிப் பகுதியில் கிராமத்தில் தங்கிப் பயிற்சி உண்டு. இது பொறியியல் கலந்தாய்வில் வராது, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்துக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், தேதியைத் தவறவிடாதீர்கள். வேளாண் கலந்தாய்வில் மதுரைக் கல்லூரி கிடைத்தால், அது இருக்கும் ஒத்தக்கடை உங்களுக்குப் பக்கம்தான். போட்டி கடுமை என்பதால் பொறியியல் விண்ணப்பத்தையும் போட்டு வையுங்கள், அதிலும் வேளாண் பொறியியல் இருக்கிறது.

பிறகு வேளாண் விரிவாக்கத்தில், அதாவது விவசாயத் தகவலை விவசாயிகளிடம் கொண்டுசேர்ப்பது பற்றிய படிப்பில், எம்.எஸ்சி. படித்தால் மகள் கேட்ட வேலைக்கு நேராகப் போகலாம். வேளாண்மை அலுவலர் தேர்வு, வங்கிகளில் வேளாண் கள அலுவலர் தேர்வு, விவசாயிகளுக்குப் பயிற்சி தரும் வேளாண் அறிவியல் நிலையங்கள் எல்லாம் உண்டு. 1800 180 1551 என்ற கிசான் கால் சென்டர் எண்ணில் 2004 முதல் விவசாயிகளுக்குப் பதில் சொல்பவர்களும் வேளாண் படித்தவர்களே. முதல் சம்பளம் ஐ.டி. கம்பெனி அளவுக்கு இருக்காது. அதை இப்போதே தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

இந்த ஞாயிறு காலை மகளை மதுரை அண்ணா நகர் உழவர் சந்தைக்கு அழைத்துப் போங்கள். 1999 நவம்பர் 14 அன்று தமிழ்நாட்டில் முதலில் திறந்த உழவர் சந்தை அதுதான். காய் கொண்டுவந்த ஐந்து பேரிடம், இன்றைய விலை எப்போது, யார் மூலம் தெரிந்தது என்று மகளே கேட்டு எழுதட்டும். அடுத்த சனிக்கிழமை வரும்போது அந்த நோட்டையும் எடுத்து வாருங்கள்.