இரண்டாம் உலகப் போரில் தொழில்முறை பேஸ்பால் வீரர்கள் யாராவது இறந்தார்களா?

இறந்தார்கள். அமெரிக்க பேஸ்பாலின் உச்சத் தொடரான மேஜர் லீக்கில் ஆடியவர்களில் போர்முனையில் உயிரிழந்தவர்கள் இருவர். வாஷிங்டன் அணிக்காக 1939-ல் ஐந்தே ஆட்டங்கள் ஆடிய எல்மர் கெடியான், 1944 ஏப்ரலில் பிரான்சில் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு இறந்தார். ஹாரி ஓ'நீல் ஆடியது ஒரே ஓர் ஆட்டம், அதுவும் 1939-ல்தான். கேட்சராக, அதாவது மட்டை பிடிப்பவருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிப்பவராக, கடைசி நேரத்தில் இறங்கினார், மட்டை பிடிக்க வாய்ப்பே வரவில்லை. 1945 மார்ச்சில் இவோ ஜிமா தீவில் கொல்லப்பட்டார். அதற்கு அடுத்த நிலையான மைனர் லீக் வீரர்களைச் சேர்த்தால் எண்ணிக்கை நூறைத் தாண்டும்.

சரி, எதிர்ப்பக்கம்? என்னை அதிகம் உலுக்கியவர் ஜப்பானின் எய்ஜி சவாமுரா. 1934 நவம்பரில், ஷிசுவோகாவில், அமெரிக்க நட்சத்திர அணிக்கு எதிராகப் பந்து வீசியபோது அவருக்கு வயது 17. கெரிங்கர், பேப் ரூத், லூ கெரிக், ஜிம்மி ஃபாக்ஸ் என நால்வரை வரிசையாக ஸ்ட்ரைக் அவுட் செய்தார், அதாவது பந்தை அடிக்கவிடாமல் மூன்று ஸ்ட்ரைக்குகளில் வெளியேற்றினார். கெரிக் அடித்த ஒரே ஹோம் ரன்னால் (கிரிக்கெட்டின் சிக்ஸர் போன்ற அடி) ஆட்டம் 1-0 எனக் கைநழுவியது. அப்புறம் ராணுவம் அவரை மூன்று முறை அழைத்தது. பந்து வீசிய அதே கையால் கையெறி குண்டுகளை வீசி வீசித் தோள் கெட்டது. திரும்பி வந்தவரால் பழைய வேகத்தில் வீச முடியவில்லை. 1944 டிசம்பர் 2-ல் அவர் சென்ற கப்பலை அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல் மூழ்கடித்தது.

கெடியான், ஓ'நீல், சவாமுரா மூவரும் பிறந்தது 1917-ல். மூவரும் இறந்தது 27 வயதில்.