மெட்டல் டிடெக்டருக்குச் சொந்தமாக ஒரு ஹெட்போன்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: தனுஷ்கோடி, அரியமான் கடற்கரைகளுக்கு வருவோர் மணலில் தவறவிடும் மோதிரம், கொலுசு, சாவிக்கொத்து ஆகியவற்றைத் தேடிக் கொடுப்பதற்காக ஒரு மெட்டல் டிடெக்டர் வைத்திருக்கிறேன். கச்சான் காற்று (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் அதன் ஒலி காதில் விழுவதே இல்லை. அதற்கான ஹெட்போனை நானே செய்துகொள்ள முடியுமா? எனக்குச் சால்டரிங் தெரியும்.
– வாசகர், மண்டபம்

பதில்: முடியும். சால்டரிங் தெரிந்தவருக்கு இது ஒரு நாள் வேலை. ஸ்பீக்கரை வாங்குவதற்கு முன் காதுமூடியை வாங்குங்கள். ஆழத்தில் கிடக்கும் சிறிய பொருளுக்கு டிடெக்டர் எழுப்பும் ஒலி வெறும் முணுமுணுப்பாகத்தான் இருக்கும். ஆண் கடல் (தெற்கே உள்ள மன்னார் வளைகுடா) இரையும் கரையில் அதைக் கேட்பதற்காக வால்யூமை ஏற்றி வைத்தால், மேலாகக் கிடக்கும் ஒரு சோடா மூடி காதைக் கிழித்துவிடும். ஆகவே, தொழிற்சாலைகளிலும் ஜெனரேட்டர் அறைகளிலும் அணிகிற, காது முழுவதையும் அடைத்து மூடும் காதுமூடியே உங்களுக்கு ஏற்ற கூடு. வெயிலில் காதோரம் வியர்த்து ஊறும். அதைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். கச்சான் காலத்தில் வடக்கே பெண் கடல் (பாக் விரிகுடா) ஓரமாகத் தேடுகிறவருக்குச் சாதாரண ஹெட்போனே போதுமானதாக இருக்கலாம். வாடைக் காலத்தில் (வடகிழக்குக் காற்று வீசும்போது) இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும்.

உள்ளே வைப்பதற்கு, பழைய ஹெட்போனிலிருந்து கழற்றிய 32 ஓம் ஸ்பீக்கர்கள் இரண்டு போதும். அவற்றின் சவ்வு பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும். நான் முதலில் செய்ததில் காகிதக் கூம்பு கொண்ட ஸ்பீக்கரைப் பொருத்தினேன்; உப்புக்காற்றில் அது ஊறி, இரண்டாம் வாரமே கரகரக்கத் தொடங்கிவிட்டது. கம்பி நுழைவதற்காகக் காதுமூடியில் இடும் துளையைச் சிலிக்கான் பசையால் அடைக்காவிட்டால், இரைச்சல் அந்த வழியாகவே உள்ளே வந்துவிடும். பூசும்போது காடி வாடை அடிக்கும் சிலிக்கான் செம்பை அரிக்கும் என்பதால், அந்த வாடை இல்லாத வகையாகப் பார்த்து வாங்குங்கள். துளைக்கு உட்புறம் கம்பியில் ஒரு முடிச்சுப் போட்டுவிட்டால், வெளியே இழுபடும்போது சால்டர் வைத்த இடம் பிய்ந்து வராது.

பலர் தவறுவது, கம்பியின் முனையில் உள்ள, டிடெக்டரில் செருகும் பின்னில்தான். சில டிடெக்டர்களில் பின் செருகும் துளை மோனோ (ஒரே ஒலிவழி), சிலவற்றில் ஸ்டீரியோ (இடம், வலம் என இரண்டு ஒலிவழி). மோனோ துளையில் சாதாரண ஸ்டீரியோ ஹெட்போனைச் செருகினால் ஒரு காது ஊமையாகிவிடும்; ஸ்டீரியோ துளையில் மோனோ பின்னைச் செருகினால் ஒரு பக்கத்து வெளியீடு ஷார்ட் ஆகும். இரண்டுக்கும் பொதுவான வழி, ஸ்டீரியோ பின்னையே வாங்கி, அதன் நுனிக்கும் அடிக்குழலுக்கும் இடையே இரு ஸ்பீக்கர்களையும் இணைத்துவிட்டு, நடு வளையத்தை எதனோடும் இணைக்காமல் விட்டுவிடுவதாகும். உங்கள் கருவியின் துளை 6.35 மில்லிமீட்டரா, 3.5 மில்லிமீட்டரா என்பதை அளந்துகொண்டு கடைக்குச் செல்லுங்கள்.

இரண்டு ஸ்பீக்கர்களையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடராக இணைத்தால் 64 ஓம்; பக்க இணைப்பில் 16 ஓம். தொடர் இணைப்பு கருவியிலிருந்து குறைந்த மின்னோட்டத்தையே இழுக்கும் என்பதால் முதலில் அதையே செய்து பாருங்கள். ஒலி போதவில்லை என்றால் மட்டும், கருவியின் கையேடு 16 ஓமை அனுமதிக்கிறதா என்று பார்த்துவிட்டு மாற்றுங்கள். இணைத்த பின் 1.5 வோல்ட் பேட்டரியைப் பின்னில் ஒரு கணம் தொட்டுப் பார்க்கும்போது, இரண்டு சவ்வுகளும் ஒரே திசையில் அசைய வேண்டும். எதிரெதிராக அசைந்தால் ஒலி தலைக்கு நடுவே சேராமல் கலைந்து கேட்கும். கருவியில் வால்யூம் திருகி இல்லையென்றால், 1 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டர் (திருகிக் கூட்டிக் குறைக்கும் மின்தடை) ஒன்றைத் தொடராகச் சேருங்கள். கரைக்குப் போகும் முன் காயிலுக்கு (டிடெக்டரின் நுனியில் மணல்மேல் வீசும் வட்டத் தலைக்கு) அடியில் ஒரு பெரிய உலோகத் தட்டை வைத்து, அதிகபட்ச ஒலி காது தாங்கும்படி அதைத் திருகி நிறுத்துங்கள்.

கேள்வி: கம்பி காலில் சிக்குகிறது. புளூடூத் ஹெட்போன் பயன்படாதா?
– வாசகர், கீழக்கரை

பதில்: பாட்டுக் கேட்கும் சாதாரண புளூடூத்தில் ஒலி ஏறக்குறைய கால் நொடி வரை தாமதமாக வரக்கூடும். நீங்கள் காயிலை நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் வீசுவதாகவும், தாமதம் 0.2 நொடி என்றும் வைத்துக்கொண்டால், ஒலி கேட்கும்போது காயில் பொருளைத் தாண்டி 20 சென்டிமீட்டர் போயிருக்கும். திரும்பி வீசும்போது அதே அளவு எதிர்ப்பக்கம் தப்பும். அலை வந்து குழியை மூடும் ஈரமணலில் இந்தப் பிழை மிக அதிகம். தாமதம் குறைந்த வகை, 40 மில்லி நொடி அளவில் இருந்தால், 4 சென்டிமீட்டரோடு முடியும். அது ஏற்கத்தக்கதே, ஆனால் அனுப்பும் கருவி, வாங்கும் கருவி இரண்டிலும் அதே வசதி இருக்க வேண்டும். என் விருப்பம் பழைய தொலைபேசியில் இருந்ததைப் போன்ற சுருள் கம்பிதான். அதை முதுகுப்பக்கமாக விட்டுக் கட்டினால் காலில் சிக்காது.

கேள்வி: அழகன்குளம் பக்கம் பழைய காசு தேடலாமா?
– வாசகர், பனைக்குளம்

பதில்: வேண்டாம். வைகை கடலோடு சேரும் இடத்துக்கு அருகில் உள்ள அவ்வூரில் தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை நடத்திய அகழாய்வுகளில் ரோமானிய நாணயங்கள் கிடைத்திருக்கின்றன. அங்கே ஒருவர் தனியாகத் தோண்டினால், காசு எந்த மண் அடுக்கில் கிடந்தது என்ற செய்தி அழிந்துவிடும். வேறு எங்கேனும் தற்செயலாக மண்ணுக்குள் மறைந்த பொருள் கிடைத்து, அதன் மதிப்பு 10 ரூபாய்க்கு மேல் இருந்தால், 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்காவுக்குள் அடங்கியவை. வனத்துறையின் அனுமதியின்றி அங்கே டிடெக்டரோடு படகேறாதீர்கள்.