கொழும்பில் முதியோர் இல்லம் தொடங்க அரசு உத்தரவாதக் கடன் உதவுமா?

"அமெரிக்காவில் என் அண்ணா அரசு உத்தரவாதக் கடன் எடுத்து முதியோர் இல்லம் ஒன்றை வாங்கியிருக்கிறார். கொழும்பிலும் அப்படிச் செய்யலாமா? அம்மாவின் வீட்டு உறுதி கையில் இருக்கிறது" என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் தங்கையும் 2021இல் தெஹிவளையில் வாடகை வீடொன்றில் எட்டுக் கட்டில்களோடு இல்லம் தொடங்கினோம். அதை வைத்துச் சொல்கிறேன்.

உத்தரவாதம் என்பது வங்கிக்கு, உங்களுக்கு அல்ல. அண்ணா எடுத்தது எஸ்.பி.ஏ. எனும் அமெரிக்க அரசின் சிறுதொழில் நிர்வாகம் உத்தரவாதம் தரும் கடனாக இருக்கும். அதில் 50 லட்சம் டொலர் வரை எடுக்கலாம். ஒன்றரை லட்சம் டொலருக்கு மேற்பட்ட கடனில் 75 வீதம் வரை அரசு வங்கிக்குப் பொறுப்பு நிற்கும். ஆனால் தொழிலில் 20 வீதமோ அதற்கு மேலோ பங்குள்ள ஒவ்வொருவரும் சொந்தப் பிணை எழுதிக் கொடுக்க வேண்டும். தொழில் படுத்தால் வங்கி தப்பிக்கும், அண்ணாவின் கடன் அப்படியே நிற்கும்.

இங்கே திறைசேரியும் வங்கிகளும் பங்காளிகளாக, ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு தேசிய கடன் உத்தரவாத நிறுவனம் வந்திருக்கிறது. ஈடு வைக்கப் போதிய சொத்து இல்லாத சிறு, நடுத்தரத் தொழில்களுக்காகத்தான் அது. உங்கள் வங்கி மூலமாகத்தான் கேட்க வேண்டும். அதைக் கேட்காமல் உறுதியை எடுத்து நீட்டாதீர்கள். 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம், நீதிமன்றம் போகாமலே ஈடு வைத்த சொத்தை ஏலத்தில் விட வங்கிக்கு இடம் கொடுக்கிறது. பராட்டே என்று செய்திகளில் வருவது அதுதான். அம்மா இருக்கும் வீட்டை அதற்குள் கொண்டுபோக வேண்டாம்.

இல்லத்தைப் பதிவு செய்வதும் முக்கியம். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அது கட்டாயம். கடன் கேட்டுப் போகும்போது அந்தப் பத்திரம் கையில் இருந்தால் பேச்சே வேறு.

சரி, எங்களை வாட்டியது எது என்றால், கட்டில்கள் நிரம்ப எடுத்த காலம். எட்டும் நிரம்பப் பதினொரு மாதம் ஆனது. கனடாவிலும் லண்டனிலும் இருக்கும் பிள்ளைகள் விடுமுறைக்கு வந்து, அறை பார்த்து, குளியலறையில் கைபிடி இருக்கிறதா என்று பார்த்து, திரும்பிப் போய் யோசித்துத்தான் முடிவு சொல்வார்கள். அதில் பிழையில்லை, பெற்ற தாயை விடுகிற இடம். ஆனால் ஓர் அம்மா மட்டும் இருந்தாலும் பகலுக்கும் இரவுக்கும் பராமரிப்பாளர் வேண்டும், சமையலுக்கு ஆள் வேண்டும்.

அப்புறம் 2022 வந்தது. மார்ச் கடைசியில் பதின்மூன்று மணிநேரம் வரை மின்வெட்டு. படுக்கைப் புண் வராமல் இருக்கப் போட்டிருந்த காற்று மெத்தை கரண்ட் இல்லாமல் இறங்கிவிடும். இரண்டு மணிநேரத்துக்கு ஒருமுறை நாங்களே திருப்பிப் படுக்க வைத்தோம். பெரியவர்களுக்கான பம்பர்ஸ் விலை மாதாமாதம் ஏறியது. ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகள் கூட்டியது. எங்களுடையது மாறும் வட்டிக் கடன். தவணை ஏற ஏற, தங்கை தன் நகையை அடகு வைத்துச் சம்பளம் கொடுத்தாள்.

அதனால் வங்கியில் இரண்டு விஷயத்தை எழுத்தில் கேளுங்கள்: வட்டி எத்தனை வருடம் மாறாது, முதலைத் தொடாமல் வட்டி மட்டும் கட்ட எத்தனை மாதம் தருவார்கள். எங்களுக்கு ஆறு மாதம் கிடைத்தது. நீங்கள் பன்னிரண்டுக்குக் குறையாமல் கேளுங்கள்.