பைபர் போட்டுக்கு இழுவைக் கம்பம்: கேள்வி பதில்

விடுமுறைக்கு வெளிநாட்டிலிருந்து வரும் பிள்ளைகள் வேக்போர்ட் பலகையோடு இறங்குகிறார்கள், போட் கயிற்றால் இழுக்க, தண்ணீரின் மேல் நின்று ஓடும் பலகை அது. இங்கே நம்மிடம் இருப்பது மீன்பிடிக்கும் பைபர் போட். அதில் கயிறு கட்டி இழுக்க ஒரு கம்பத்தை நாமே செய்யலாமா என்பதைச் சுற்றித்தான் வந்த கேள்விகள் எல்லாம். பைபர் வேலையும் வெல்டிங்கும் செய்கிறவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். செய்யலாம். ஆனால் கம்பத்தைப் பற்றி யோசிக்கும் நேரத்தைவிட, அது நிற்கும் இடத்தைப் பற்றி யோசிக்கும் நேரம் கூடுதலாக இருக்க வேண்டும்.

புதுக்குடியிருப்பிலிருந்து: அண்ணா, எங்களிடம் 19 அடி போட், 40 குதிரைவலு எஞ்சின் இருக்கிறது. 2 அங்குல ஜீ.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்பை 7 அடிக்கு வெட்டி, அடியில் ஒரு தகடு வெல்ட் பண்ணி நிறுத்தினால் போதுமா?

போதாது தம்பி. எஞ்சின் சரி, அந்தக் கம்பம்தான் பிழை.

பலகையில் நிற்பவர் ஒரே சீராக வரும்போது கயிற்றில் பெரிய பாரம் இல்லை. தண்ணீரிலிருந்து எழும்பும்போதும், பக்கவாட்டில் வெட்டி ஓடும்போதும், தொய்ந்த கயிறு சடாரென்று இறுகும்போதும்தான் பாரம் ஏறும். கணக்குக்கு 150 கிலோ என்று வைப்போம். 7 அடி உயரத்தில் 150 கிலோ பின்னுக்கு இழுத்தால், அந்தப் பைப்பின் அடியில் சதுர மில்லிமீற்றருக்கு 35 கிலோ அளவில் அழுத்தம் வரும். சாதாரண இரும்பு 25 கிலோவுக்குக் கிட்டவே வளையத் தொடங்கிவிடும். 3 அங்குலத் தடித்த பைப் போட்டால் கம்பம் தாங்கும். ஆனால் அந்த முழு நெம்பலும் போட்டின் தளத்துக்குப் போய், கம்பத்துக்குப் பதிலாகத் தளம் பெயரும்.

ஆகவே தனிக் கம்பம் வேண்டாம், மூன்று காலாகச் செய்யுங்கள். நடுக் கம்பம் 2 அங்குலம். அதன் தலையிலிருந்து முன்பக்கமாக, அணியத்தை நோக்கி, வி வடிவில் இரண்டு தாங்குகால்கள், ஒன்றேகால் அங்குலப் பைப்பில். தாங்குகாலின் அடி எவ்வளவு முன்னால் போகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கம்பம் நாலரை அடி, தாங்குகால் அடியும் நாலரை அடி முன்னால் என்றால், 150 கிலோ இழுவைக்குத் தாங்குகால்கள் இரண்டிலும் சேர்த்து 210 கிலோ அளவுதான் வரும். இடம் மிச்சம் பிடிக்கிறோம் என்று ஒன்றரை அடியில் நிறுத்தினீர்களோ, அதே இழுவை 470 கிலோவாக மாறும். நடுக் கம்பமும் 450 கிலோவோடு தளத்தை அமுக்கும். இதை யாரும் படம் பிடித்துப் போடுவதில்லை, ஏனென்றால் இது படத்தில் தெரியாது.

அளம்பிலிலிருந்து: எல்லா வீடியோவிலும் கம்பம் ஆள் உயரத்துக்கு மேலே இருக்கிறதே. நீங்கள் ஏன் நாலரை அடி என்கிறீர்கள்?

அந்த வீடியோக்களில் வரும் போட் அகலமானது, பாரமானது. வேக்போர்டுக்கென்றே கட்டியது. உயரமாகக் கட்டுவதற்கு நல்ல காரணம் இருக்கிறது. கயிறு தாழ்வாக இருந்தால், அலையில் எகிறும்போது அது ஆளைக் கீழே இழுத்துப் போடும். உயரத்திலிருந்து இழுத்தால் கொஞ்சம் தாங்கிப் பிடிக்கும். நமக்கு இன்னொரு காரணமும் உண்டு: கயிறு எஞ்சின் மூடிக்கு மேலாலே தட்டாமல் போக வேண்டும்.

ஆனால் நமது போட்டின் அகலம் ஐந்தரை அடி. பலகைக்காரர் பக்கவாட்டில் 100 கிலோ இழுத்தால், 7 அடியில் அது மூன்று பேருக்கு மேல் ஒரே நேரத்தில் ஒரு பக்க விளிம்பில் ஏறி உட்கார்ந்ததற்குச் சமம். நாலரை அடியில் அது இரண்டு பேர் அளவுக்கு இறங்கும். நாலரை அடியே எஞ்சினுக்கு மேலே கயிற்றைக் கொண்டு போகப் போதும். அதற்கு மேல் ஏற்ற நான் உதவ மாட்டேன், யார் கேட்டாலும்.

மன்னாரிலிருந்து: போட்டின் நடுவில் வைப்பதா, பின்னால் வைப்பதா?

ஸ்டியரிங் வைத்த பெரிய போட்டில் நடுவில் வைப்பார்கள், திருப்ப இலகு. நமது போட்டில் ஓட்டுகிறவர் பின்னால் எஞ்சின் பிடியோடு இருக்கிறார். நடுவில் கம்பம் வைத்தால் இறுகிய கயிறு அவருடைய தலைக்கு மேலாலேயே இடமும் வலமும் வீசும். யோசிக்கவே பயமாக இருக்கிறது. எஞ்சின் பூட்டும் பின்பலகைக்கு ஓரடி முன்னால் கம்பத்தை வையுங்கள். எஞ்சின் பிடிக்கு நீட்டுப் பைப் போட்டு, ஓட்டுகிறவர் கம்பத்துக்கு முன்னால் இருக்கட்டும். கம்பத்துக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது. துளை போட முன் எஞ்சினை முழுதாக மேலே தூக்கிப் பாருங்கள். தூக்கும்போது மூடி முன்னால் சரிந்து வரும், கம்பத்தில் இடிக்கும். இதை அளக்காமல் துளை போட்டால் கம்பத்தைக் கழற்றாமல் கரையேற்ற முடியாது.

அதே ஆள்: தளத்தில் எப்படிப் பிடிப்பது?

ஸ்குரூ வேண்டாம். தளத்தை உரஞ்சி, கடல் ஒட்டுப்பலகையை (மரைன் பிளைவூட்) ரெசினிலும் கண்ணாடியிழை மற் விரிப்பிலும் பொதிந்து, அது இரண்டு பக்கத்து நீள வங்குகளிலும் (போட்டுக்குள் நீளவாக்கில் ஓடும் சட்டங்கள்) ஏறி உட்காரும்படி ஒட்டுங்கள். அதன் மேல் 8 மில்லிமீற்றர்த் தகடு. 12 மில்லிமீற்றர் போல்ட் ஊடுருவிப் போய், கீழே இன்னொரு தகட்டில் இறுக வேண்டும். பலகையில் துளையைப் பெரிதாகப் போட்டு, எபொக்சியால் நிரப்பி, காய்ந்த பிறகு சரியான அளவில் மறுபடி துளையுங்கள். அப்போதுதான் தண்ணீர் பலகைக்குள் இறங்கி உக்க வைக்காது. தாங்குகால்களின் அடிக்கும் இதே கவனம் தேவை, அவை தளத்தை மேல்நோக்கிப் பிடுங்கும்.

முல்லைத்தீவிலிருந்து: ஜீ.ஐ.யா, ஸ்டெயின்லெஸ்ஸா?

காசு இருந்தால் 316 ஸ்டெயின்லெஸ். இல்லாவிட்டால் ஜீ.ஐ. போதும், வருடா வருடம் பார்க்க வேண்டும். ஜீ.ஐ.யை வெல்ட் பண்ண முன் அந்த இடத்துத் துத்தநாகப் பூச்சைக் கிரைண்டரால் எடுத்துவிடுங்கள். அந்தப் புகையை இழுத்தால் இரவில் காய்ச்சலும் நடுக்கமும் வரும், பட்டறைக்காரருக்குத் தெரியும். வேலை முடிந்ததும் துத்தநாகப் பெயின்ட். கம்பமும் தகடும் சேரும் மூலையில் முக்கோணத் துண்டுகள் நாலு வையுங்கள், வெடிப்பு வருவது அங்கேதான்.

வவுனியாவிலிருந்து: இதே கம்பத்தில் காற்றடித்த டியூபையும் கட்டி இழுக்கலாமா? சின்னப் பிள்ளைகளுக்கு.

வேண்டாம். டியூபின் முன்விளிம்பு தண்ணீருக்குள் குத்தினால் வரும் இழுவை, ஒரு ஆள் கொடுக்கும் இழுவையைப் போல் பல மடங்கு. பலகைக்காரர் கைப்பிடியை விட்டுவிடுவார். டியூப் கயிற்றை விடாது.

மாங்குளத்திலிருந்து: நங்கூரத்துக்குப் பாவிக்கும் நைலோன் கயிறு சரியா?

சரியில்லை. நைலோன் இழுபடும். கைப்பிடியை விட்டதும் அது போட்டில் இருப்பவர்களின் முகத்துக்குத் திரும்பி வரும். இழுபடாத, மிதக்கிற கயிறு எடுங்கள். பழகுகிறவருக்கு 50 அடி, பழகியவருக்கு 65 அடி. கம்பத்தின் தலையில் கொக்கி வைக்காமல் வழுவழுப்பான உருளையும் மேலே ஒரு வட்டத் தகடும் வையுங்கள், கயிற்றுக் கண் அதில் மாட்டும்.

கிளிநொச்சியிலிருந்து ஒரு அம்மா: மகன் இரணைமடுவில் ஓடலாம் என்கிறான். நந்திக்கடலும் கிட்டத்தானே?

அம்மா, இரணைமடுக் குளம் வயலுக்கான தண்ணீர். நீர்ப்பாசனத் திணைக்களத்தின் அனுமதியில்லாமல் அங்கே போட் இறக்கக் கூடாது. நமது குளங்களில் தண்ணீருக்கடியில் பட்ட மரக் குற்றிகள் நிற்கின்றன, முதலையும் உண்டு. நந்திக்கடல் ஆழமில்லாத களப்பு. 2017 முதல் அது இயற்கை ஒதுக்கிடம். இறாலை நம்பி வாழும் குடும்பங்களின் வலைகள் அதில் நிற்கின்றன. அதற்கும் மேலாக, 2009இல் அந்தக் கரையில் நடந்ததை நாம் எல்லோரும் அறிவோம். அங்கே விளையாட்டு வேண்டாம் என்று மகனிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். கொக்கிளாய்க் களப்பு பறவைகளுக்கான சரணாலயம், அதையும் விட்டுவிடலாம்.

முல்லைத்தீவுக் கரையோரக் கடல் சோளகக் காலத்து (தென்மேற்குக் காற்றுக் காலம்) காலை நேரத்தில் நன்றாக இருக்கும். அப்போது காற்று தரையிலிருந்து கடலுக்கு வீசும், எஞ்சின் நின்றால் வெளியே இழுத்துக்கொண்டு போகும். ஆகவே துடுப்பும் நங்கூரமும் தொலைபேசியும் போட்டில் இருக்கட்டும். முதலில் அந்தத் துறையின் கடற்றொழிலாளர் சங்கத்திடம் போய், எங்கே வலை கிடக்கிறது, எந்த நேரம் ஓடலாம் என்று கேட்கச் சொல்லுங்கள். கேட்டுவிட்டுப் போகிற பிள்ளையை யாரும் துரத்த மாட்டார்கள்.

புதுக்குடியிருப்புத் தம்பி மறுபடியும்: செய்து முடித்ததும் எப்படிச் சோதிப்பது?

கடலில் ஆளை வைத்துச் சோதிக்காதே. போட்டைக் கரையில் ஏற்றி, அணியத்தை ஒரு பனையில் கட்டு. பின்னால் இன்னொரு பனையில் செயின் புளொக்கை (சங்கிலியால் பாரம் இழுக்கும் கருவி) கட்டி, நடுவில் மீன் நிறுக்கும் தொங்கு தராசை மாட்டிக் கம்பத்தின் தலையை இழு. தராசு 300 கிலோ வரை தாங்குவதாக இருக்க வேண்டும். 50, 100, 150 என்று நிறுத்தி நிறுத்தி 200 வரை கொண்டு போ. ஒவ்வொரு முறையும் தகட்டைச் சுற்றி டோர்ச் அடித்துப் பார். பைபரில் வெள்ளை வெள்ளையாகக் கோடு ஓடினால் உள்ளே இழை பிரிகிறது, உடனே தளர்த்து. படபடவென்று சத்தம் கேட்டாலும் அப்படித்தான். பிறகு இரண்டு பக்கமும் சாய்வாக இழுத்தும் பார். இழுக்கும்போது கயிற்றின் நேரே யாரும் நிற்கக் கூடாது.

இதில் தேறினால் கடலுக்குக் கொண்டு போ. ஓட்டுகிறவர் முன்னால் பார்ப்பார், பின்னால் பார்க்க இன்னொருவர் கட்டாயம் வேண்டும். எஞ்சின் நிறுத்தும் வாரை ஓட்டுகிறவர் கையில் கட்டியிருக்க வேண்டும், எல்லோருக்கும் உயிர்காப்பு அங்கி வேண்டும். முதல் ஓட்டம் முடிந்து கரைக்கு வந்ததும் போல்ட்டுகளை மறுபடி இறுக்கு, ஒட்டுப்பலகை அமுங்கிக் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கும்.